சேர் ஜோன் சார்ன்லி: பொறுக்கவும் நிறுத்தவும் அறிந்த வைத்தியர்

78 வயது நிரம்பிய என் தமக்கையார், ஒருநாட் காலை கிணற்றடியில் ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கக் குனிந்தவர், நிமிர இயலாமல் அங்கேயே இருந்துவிட்டார். விழவுமில்லை, வழுக்கவுமில்லை. முதுமையினால் நொய்ந்து போயிருந்த முள்ளென்பொன்று, மேலிருந்த பாரத்தைத் தாங்கமாட்டாது, மிதியுண்ட தகரப் பேணிபோல நசிந்துவிட்டது. ஆறு கிழமைகள் படுக்கையும் மருந்துமாகக் கழிந்தும் நோவு தணியவில்லை. அதன் பின்னர், நசிந்த என்பினுள்ளே ஊசி வழியாகச் சீமெந்து செலுத்திப் பார்க்கலாம் என்று வைத்தியர் சொன்னார். சீமெந்து என்ற சொல்லைக் கேட்டதும் தமக்கையார் திடுக்கிட்டார். அவர் அறிந்த சீமெந்து, ஒருகாலத்தில் காங்கேசன்துறையிலிருந்து மூட்டை மூட்டையாக வந்த சீமெந்து ஒன்றுதான். வீடு கட்டுவதை உடம்புக்குள் வைப்பதோ என்று அவர் என்னைக் கேட்டார். எனக்கும் விடை தெரியவில்லை.

சிகிச்சை நடந்தது. அன்று மாலை வைத்தியர் எனக்கு எக்ஸ் கதிர்ப் படங்களைக் காட்டினார். என்பின் உட்பாகம் பாதிக்குச் சற்று மேலாக நிரம்பியிருந்தது. அதன் ஓரத்தில் மயிரிழை போன்றதொரு கருங்கோடு, நாளமொன்றை நோக்கி வெளியே நீளத் தொடங்கியிருந்தது. அதைக் கண்ட கணத்திலேயே கையை நிறுத்திவிட்டதாக அவர் கூறினார். முப்பது வருடங்களுக்கு மேல் பாடசாலையில் விடைத்தாள் திருத்திய பழக்கம் என்னை விட்டு நீங்கவில்லை. தொடங்கிய வேலையை அரைகுறையாக விடுவதா என்று சற்றுக் கடுமையாகவே கேட்டுவிட்டேன். அவர் கோபங் கொள்ளவில்லை. உள்ளே குறைந்தாற் பெரும்பாலும் பாதகமில்லை என்றும், வெளியே போனதை மீட்க வழியில்லை என்றும் அமைதியாகச் சொன்னார். இச்சீமெந்தின் இயல்பை அறிய விரும்பினால் சார்ன்லி என்பாரின் வரலாற்றைப் படித்துப் பார்க்கும்படியும் கூறினார். படித்தேன். படித்ததன் பயனாக எழுந்ததே இக்கட்டுரை.

ஜோன் சார்ன்லி 1911ஆம் ஆண்டு ஆவணி மாதம் 29ஆந் திகதி, இங்கிலாந்தின் லங்காஷயர்ப் பகுதியிலுள்ள பெரி என்னும் ஊரிற் பிறந்தார். பஞ்சாலைகளின் புகைபோக்கிகள் நிரம்பிய நாடு அது. தந்தையார் அவ்வூரில் மருந்துக்கடை வைத்திருந்தவர். தாயார் தாதிப் பயிற்சி பெற்றவர். ஊர்ப் பாடசாலையிற் கற்றுத் தேறிய சார்ன்லி, 1929இல் மான்செஸ்டர்ப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ மாணவராகச் சேர்ந்து, 1935இற் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டிலேயே, 25 வயதில், சத்திரசிகிச்சையாளர்க்குரிய உயர் தகைமையையும் ஈட்டினார். மருத்துவப் படிப்பினும் மிகுதியாக, தச்சுப் பட்டறையும் கடைசல் இயந்திரமும் அவர் மனத்தைக் கவர்ந்தன என்று கொள்ளவேண்டும். கையினாற் செய்து பாராத எதையும் நம்பாத சுபாவம் அவருடையது.

இரண்டாம் உலகப் போர் அவரை இராணுவ மருத்துவப் படைக்கு இழுத்துச் சென்றது. 1940இல் டன்கேர்க் கடற்கரையிலிருந்து படைகளை மீட்ட பணியிற் பங்கு கொண்ட அவர், பின்னர் எகிப்தில் முறிந்த அவயவங்களுக்கான சாதனங்களைச் செய்யும் பட்டறையோடு தொடர்பு கொண்டிருந்தார். போர் முடிந்து தாயகம் திரும்பியதும், என்பு வைத்தியத்தில் அக்காலத்துப் பெருந் தலைவராய் விளங்கிய ஹரி பிளாட் என்பவரின் ஆதரவில் மான்செஸ்டரிற் பணி தொடங்கினார். 1950இல், முறிந்த என்புகளைக் கத்தி வையாமற் பொருத்தும் முறைபற்றி அவர் எழுதிய நூல் வெளிவந்தது. அறுவை வைத்தியர் ஒருவர், அறுக்காமலே ஆற்றுவது எங்ஙனம் என்று எழுதிய நூல் அது என்பதை வாசகர்கள் கவனித்தல் வேண்டும்.

பிறர்மீது ஒன்றைச் செய்யுமுன் தன்மீது செய்து பார்க்கும் துணிவும் அவரிடம் இருந்தது. என்புத் துண்டொன்றை வேறோரிடத்திற் பதித்தால் அது எவ்வாறு வளரும் என்பதை அறிய விரும்பி, சகவைத்தியர் ஒருவரைக் கொண்டு தம் காலெலும்பிலேயே அச்சோதனையைச் செய்வித்தார். புண்ணிற் கிருமி தொற்றி என்பு சீழ்ப்பிடித்து, மேலும் அறுவைகளுக்கு உள்ளாகி வருந்தினார். இதனை அறிவீனம் என்பாரும் உளர். ஆயின் நோயாளியின் நோவு என்னவென்பதை ஏட்டிற் படியாமல் உடம்பிற் படித்த வைத்தியர் அவர் என்பதை யாரும் மறுத்தல் இயலாது.

அவர் பெயரை உலகறியச் செய்த பணி, ஒரு கீச்சொலியிலிருந்து பிறந்தது. அக்காலத்தில், தேய்ந்த இடுப்பு மூட்டின் பந்தை அகற்றிவிட்டு, அக்கிரிலிக் என்னும் செயற்கைப் பொருளாற் செய்த பந்தொன்றைப் பொருத்தும் முறை பாரிஸ் நகரில் யூடே சகோதரர்களால் வகுக்கப்பட்டுப் பரவியிருந்தது. அத்தகைய பந்தைப் பெற்ற ஒருவர் சார்ன்லியிடம் வந்தார். அவர் அசையும்போதெல்லாம் மூட்டுக் கீச்சிட்டது. அவ்வொலியை அவர் மனைவியாற் பொறுக்க முடியவில்லை. பிறர் கேட்டுச் சிரித்திருக்கக்கூடிய இந்தச் சங்கதியைச் சார்ன்லி சிந்தனைக்குரிய பொருளாகக் கொண்டார். கீச்சிடுகிறதாயின் உராய்கிறது, உராய்கிறதாயின் என்பிலே பொருத்திய பிடி நாளடைவில் தளர்ந்தே தீரும் என்று அவர் முடிவு கட்டினார். எனவே இரண்டு காரியங்கள் வேண்டியிருந்தன. உராய்வு குறைந்த மூட்டொன்று வேண்டும். அம்மூட்டை என்போடு அசையாமற் பிணிக்கும் சாதனமொன்றும் வேண்டும்.

இரண்டாவது தேவைக்கு விடை பல் வைத்தியரிடத்திற் கிடைத்தது. மான்செஸ்டர்ப் பல்மருத்துவக் கல்லூரியிற் செயற்கைப் பொருள்களை ஆராய்ந்து வந்த டெனிஸ் சிமித் என்பாரோடு சார்ன்லி கலந்து பேசினார். பொய்ப்பல் கட்டுவதற்குப் பயன்பட்ட அதே அக்கிரிலிக்கை, குளிர்நிலையில் இறுகக்கூடிய வகையில், என்பினுள் இடலாம் என்ற எண்ணம் உருவாயிற்று. அதற்கு முன்னரும் ஓரிருவர் இதனை முயன்றதுண்டு. ஆயினும் 1958 முதல் அதனை முறையாகக் கையாண்டு, 1960இற் கட்டுரையாக வெளியிட்டு, அதன் இயல்பைத் தெளிவாக விளக்கியவர் சார்ன்லியே. கீச்சிட்ட பந்தும் அக்கிரிலிக். பிணிக்கும் சீமெந்தும் அக்கிரிலிக். ஓரிடத்தில் தவறிய பொருள் வேறோரிடத்திற் பொருந்தியது.

என் தமக்கையாரின் கேள்விக்கு இங்கேதான் விடை கண்டேன். இச்சீமெந்துக்கும் சுண்ணக்கல்லைச் சுட்டு அரைத்த சீமெந்துக்கும் பெயரளவிலேயே உறவு. தூளொன்றையும் திரவமொன்றையும் சேர்த்துக் கலக்கினாற் கூழாகிறது. சற்றுப் பொறுத்தால் பிசைந்த மாவாகிறது. ஏறத்தாழப் பத்து நிமிடத்திற் சூடேறிக் கல்லாகிறது. ஆயினும் பெயர் முற்றிலும் பொருந்தாததன்று. இது பசையன்று என்பதைச் சார்ன்லி வற்புறுத்தினார். பசை இரு பொருள்களை ஒட்டுகிறது. இதுவோ, கல்லுக்கும் கல்லுக்கும் இடையே மேசன் இடும் சாந்துபோல, இடைவெளியை நிரப்பி, என்பின் நுண்துளைகளிற் புகுந்து இறுகி, பாரத்தை ஒரு புள்ளியில் விடாமற் பரந்த பரப்பிலே பகிர்ந்து விடுகிறது. 1970இல் இச்சீமெந்தைப் பற்றித் தனி நூலே எழுதினார்.

சாந்து என்றால் அது போகக் கூடாத இடத்துக்கும் போகும். இதனையும் அவர் தொடக்கத்திலேயே உணர்ந்தார். கூழாயிருக்கையில் இடாமல், மாவாகும்வரை பொறுத்து, பெருவிரலால் அழுத்தி என்பினுள் இறக்கினார். இடுப்பின் கிண்ணக்குழியில் வழிகாட்டித் துளையொன்று இடுவது அவர் முறையாயிருந்தது. அத்துளை வழியே சீமெந்து இடுப்பறைக்குள் கசிந்து விடாதபடி, உலோகக் கம்பி வலையாலான சிறு மூடியொன்றை அங்கே பொருத்தினார். சீமெந்து இடும் வேளையிற் சிலருக்கு இரத்த அழுத்தம் திடீரென வீழ்வதையும் மறைக்காமல் ஆராய்ந்தார். புதிய பொருளொன்றைக் கொண்டுவந்தவர் அதன் தீமையையும் தாமே தேடிச் சென்றார்.

முதலாவது தேவையாகிய உராய்வற்ற மூட்டு அவரைக் கொடுந் துன்பத்துள் ஆழ்த்தியது. வழுவழுப்பிற் பேர்பெற்ற டெப்லோன் என்னும் பொருளாற் கிண்ணம் செய்து பொருத்தினார். நடக்க முடியாதிருந்தவர்கள் நடந்தனர், நோயாளிகள் வாழ்த்தினர். ஏறத்தாழ 300 பேருக்கு அது பொருத்தப்பட்டது. இரண்டு மூன்று வருடங்களில் டெப்லோன் தேயத் தொடங்கியது. தேய்ந்த துகள்கள் உடம்பினுள் அழற்சியை உண்டாக்கி என்பை அரித்தன. தம்மால் மகிழ்ந்தவர்களையே மீண்டும் மேசையில் வளர்த்தி, தாம் வைத்ததைத் தாமே அகற்ற வேண்டிய நிலை அவருக்கு வந்தது. வெற்றியென்று உலகம் கொண்டாடியதைத் தோல்வியென்று ஒப்புக்கொள்வது எத்தனை பேருக்குக் கைகூடும்? டெப்லோன் துகள்களைத் தம் தொடையிலேயே பதித்துப் பார்த்தார். சில மாதங்களில் அவ்விடம் கட்டியாகப் பருத்தது.

இந்த இருளிடையே 1962 வைகாசியில் விற்பனையாளர் ஒருவர், தறிகளின் சக்கரங்களுக்குப் பயன்பட்டு வந்த கடினமான பொலித்தீன் துண்டொன்றைக் கொண்டுவந்தார். சார்ன்லி அதனை நகத்தாற் கீறிப் பார்த்து, பயனில்லை என்று ஒதுக்கிவிட்டார். அவருடைய பட்டறைத் தொழில்நுட்பரான ஹரி கிறேவன் என்பவர் ஒதுக்கவில்லை. தலைவர் வெளிநாடு சென்றிருந்த வேளையில் அத்துண்டைத் தேய்ப்புப் பொறியில் மாட்டி ஓட விட்டார். மூன்று கிழமைகள் இரவு பகலாக ஓடியும், டெப்லோன் ஒரு நாளிலே தேய்ந்த அளவுக்குக்கூட அது தேயவில்லை. திரும்பி வந்த சார்ன்லி, தம் தீர்ப்பு தவறென்பதை உடனே ஏற்றார். இதனையும் தம் தொடையிற் பதித்துப் பார்த்தார்; கட்டி எழவில்லை. அவ்வாண்டு கார்த்திகையில் முதற் பொலித்தீன் கிண்ணம் நோயாளி ஒருவருக்குப் பொருத்தப்பட்டது. தலைவரின் சொல்லை விடப் பொறியின் சொல்லை நம்பிய தொழிலாளியும், தொழிலாளியின் சொல்லைக் கேட்கத் தெரிந்த தலைவரும் அமைந்தமையால் உலகம் ஒரு நன்மை பெற்றது.

இந்தப் பணிகளுக்கெல்லாம் நிலைக்களமாயிருந்தது ரைட்டிங்டன் வைத்தியசாலை. முன்னர் சயரோகிகளுக்கென அமைந்த அந்த நாட்டுப்புற இடத்தில், 1961இல் இடுப்பு மூட்டுச் சிகிச்சை நிலையம் திறக்கப்பட்டது. கிருமித் தொற்றைக் குறைக்க, சுத்திகரித்த காற்று இடையறாது மேலிருந்து கீழே பாயும் கண்ணாடி அறையொன்றைச் சார்ன்லி அமைத்தார். நூற்றுக்கு ஏழு பேரளவில் இருந்த தொற்று, அவர் எடுத்த பல முயற்சிகளின் பயனாக ஒன்றுக்கும் கீழே இறங்கியது.

அவருடைய பொறுமைக்கு மேலுமொரு சான்று உண்டு. பொலித்தீன் மூட்டு வெற்றி தருவதைக் கண்ட பின்னரும், அதனை எவரும் வாங்கிப் பொருத்த அவர் சில வருடங்கள் இடந் தரவில்லை. முன்னர் பட்ட சூட்டை அவர் மறக்கவில்லை. தாம் பொருத்தியவை ஆண்டுக்கணக்கில் நிலைத்தமை கண்ட பிறகும், ரைட்டிங்டனுக்கு வந்து முறையைக் கற்றவர்களுக்கே உபகரணங்களை விற்கும்படி உற்பத்தியாளரைக் கேட்டுக் கொண்டார். தம் நோயாளிகளிடம், இறந்த பின் அந்த மூட்டை ஆராய்ச்சிக்குத் தருவீர்களா என்று கேட்டார். பலர் மனமுவந்து இசைந்தனர். தம் வேலையின் குறையை மரணத்துக்குப் பின்னும் தேடிப் பார்க்க விரும்பிய மனிதர் அவர். 1974இல் லாஸ்கர் பரிசும், 1975இல் றோயல் சங்க அங்கத்துவமும், 1977இற் சேர் பட்டமும் அவரை அடைந்தன. 1982 ஆவணி 5ஆந் திகதி அவர் காலமானார்.

அவர் மறைந்து இரண்டு ஆண்டுகள் சென்ற பின், 1984இல், பிரான்சின் அமியென் நகரில் கலிபேர், டெராமொன் முதலிய வைத்தியர்கள், கழுத்து முள்ளென்பொன்று கட்டியினால் அரிக்கப்பட்டு வருந்திய பெண்ணொருவருக்கு, ஊசி வழியாக அக்கிரிலிக் சீமெந்தைச் செலுத்தினர். நோவு நீங்கியது. 1987இல் அதனை எழுதி வெளியிட்டனர். பின்னர், முதுமையில் நொய்ந்து நசியும் முள்ளென்புகளுக்கும் அம்முறை பரவியது. இடுப்பிற் பழகிய சீமெந்து முதுகிற் புகுந்தது. ஆனால் முதுகின் நியதி வேறாயிருந்தது.

இடுப்பில் வைத்தியர் என்பைத் திறந்து, கண்ணாற் கண்டு, விரலால் அழுத்துகிறார். அழுத்தம் அங்கே நண்பன். முதுகிலோ சிறு ஊசியொன்றின் வழியே, கண்ணுக்குப் புலப்படாத அறைக்குள் செலுத்துகிறார். அழுத்தம் இங்கே பகைவன். நசிந்த என்பிற் பிளவுகள் உண்டு. அதன் உள்ளே இரத்த நாளங்கள் வலைபோற் பின்னிக் கிடக்கின்றன. பின்சுவருக்கு அப்பால், விரலகலமும் இல்லாத தூரத்தில், முண்ணாண் ஓடுகின்றது. சிகிச்சைக்குப் பின் நுட்பமான படம் எடுத்துப் பார்த்தால், நிரப்பிய என்புகளிற் பாதிக்கு மேற்பட்டவற்றிற் சிறிதளவாயினும் சீமெந்து கசிந்திருப்பதைக் காட்டிய ஆய்வுகள் உள. பெரும்பாலான கசிவுகளால் நோயாளிக்குத் தீங்கொன்றும் நேர்வதில்லை. எனினும் ஒரு துளி நரம்பை நெருக்கினாற் கால் மரத்துப் போகலாம். நாளத்திற் புகுந்தால் நுரையீரல்வரை செல்லலாம்.

ஆகவே இக்கசிவைக் குறைக்கும் கலை வளர்ந்தது. அக்கலையின் முதற்பாடம் சார்ன்லி பெருவிரலாற் கற்பித்த அதே பாடம்: கூழாயிருக்கையிற் செலுத்தாதே, பற்பசையின் பதம் வரும்வரை பொறு. தடித்த சீமெந்து என்பினுள் ஒரே சீராகப் பரவுகிறதென்றும், மெல்லிய சீமெந்து விரல் விரலாகப் பிரிந்து வழி கண்ட திசையெல்லாம் ஓடுகிறதென்றும் 2006இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. இரண்டாவது பாடம் பார்வை. எக்ஸ் கதிரிற் கறுத்துத் தெரியும்படி பேரியம் உப்பைச் சீமெந்திற் கலந்து, ஒவ்வொரு துளியையும் திரையிற் கண்டு செலுத்த வேண்டும். மூன்றாவது பாடம் அளவு. சில மில்லிலீற்றரே போதும். என்பை விளிம்புவரை நிரப்புவது நோக்கமன்று. நான்காவது பாடம் இடம். ஊசியின் நுனி என்பின் முற்பகுதியில் நிற்க வேண்டும். சீமெந்து பின்சுவரை நெருங்கும் முன்னரே கை நிற்க வேண்டும். கசிவு தோன்றினால், முதலிற் செலுத்தியது இறுகி அவ்வழியை அடைக்கும்வரை பொறுத்து, பின்னர் சிறிது செலுத்துவாரும் உளர். அத்தோடு விட்டுவிடுவாரும் உளர். 1998 முதல், சிறு பலூனொன்றை என்பினுள் ஊதி அறையொன்றை உண்டாக்கி, அதனுள் குறைந்த அழுத்தத்தில் தடித்த சீமெந்தை இடும் முறையும் வந்தது. அதனாற் கசிவு குறைகிறது; முற்றாக நீங்குவதில்லை.

இதனினும் பெரிய கேள்வியொன்றும் எழுந்தது. 2009இல் ஒரே வேளையில் வெளிவந்த இரு ஆய்வுகள், சீமெந்து பெற்றவர்களுக்கும், பெற்றதாகப் பாவனை செய்யப்பட்டவர்களுக்கும் நோவு தணிந்ததில் வேறுபாடு காணவில்லை. 2016இல் வெளியான ஆய்வொன்றோ, முறிவு ஏற்பட்டு ஆறு கிழமைக்குட்பட்டவர்களிற் கடும் நோவுற்றோருக்குப் பயன் உண்டென்றது. வாதம் முடியவில்லை. வைத்தியரும் இதனை ஒளிக்காமல் எங்களிடம் கூறியிருந்தார். மருந்தினாலும் ஓய்வினாலும் பலருக்கு நோவு தானே தணியும் என்பதையும், ஒரு முள்ளென்பை நிரப்பியதால் மற்றவை வலுப்பெறா என்பதையும், என்பு நலிவுக்கான மருந்தைத் தொடர வேண்டும் என்பதையும் சொல்லியிருந்தார். எல்லாவற்றையும் கேட்டு முடிவு செய்தவர் என் தமக்கையார்தாம். எழுந்து உட்கார முடியாமற் கிடப்பதைவிடப் பார்த்துவிடுவது நல்லதென்றார்.

பாவனை ஆய்வுகளைப் படித்த பின், அவருக்கு நோவு குறைந்தது சீமெந்தினாலா, காலம் சென்றமையினாலா என்று என்னால் அறுதியிட இயலவில்லை. அவர் எழுந்து உட்காருகிறார். பொல்லூன்றிக் கிணற்றடிவரை நடக்கிறார். வாளியை மட்டும் தொடுவதில்லை. அவ்வளவே எனக்குத் தெரியும். சார்ன்லியாயின், இன்னும் ஐந்து வருடம் பொறுத்துப் பார்த்தே தீர்ப்புச் சொல்லியிருப்பார்.

அந்தப் படத்தை மீண்டும் ஒருமுறை எடுத்துப் பார்த்தேன். அரைகுறை வேலை என்று நான் குறை கண்ட அவ்விடத்திலே, மயிரிழைக் கோடு நாளத்தைத் தொடுமுன் நின்றிருக்கிறது. அங்கே ஒரு கை நின்றது. முந்நூறு பேருக்கு வைத்ததை மீண்டும் எடுத்த கையும், மாவாகும்வரை பொறுத்த கையும், கம்பி வலையால் துளையை மூடிய கையும் அதற்குப் பின்னே நிற்பதாக எனக்குத் தோன்றியது. மறுமுறை வைத்தியரிடம் சென்றபோது, கடுமையாகப் பேசியதற்கு மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, தமக்கையாரின் அடுத்த வருகைக்கான திகதியை எழுதித் தந்தார்.